குலவரசர் நால்வரும் ஓர் ஏணியும்

மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், கதிரவன் முகிற்கிழிசல் வழியே எட்டிப் பார்ப்பதும், பார்த்தது பிழையென்று நாணி மீண்டும் உள்ளே மறைவதுமாய் இருந்த வேளையில், அந்நகரத்துத் துணிக்கடைத் தெரு ஈரத்தையும் வெயிலையும் ஒருங்கே ஏந்தி நீண்டு கிடந்தது. இருமருங்கும் நெருங்கி நின்ற மாடிக்கட்டடங்களின் விளிம்புகளில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, கடைமுன் கட்டிய பாய்களில் தேங்கிய மழைநீரைக் கழியால் உந்திக் கீழே தள்ளிய வணிகர்கள், அந்நீர் வழிப்போவார் தலையில் விழுந்தபோது, "பாத்து வரக்கூடாதா?" என்று நனைந்தவரையே கடிந்துகொண்டிருந்தனர். கற்றறிந்த அன்பரே, தவறு செய்தவன் முந்திக்கொண்டு சினப்பது எல்லாத் தெருவிலும் உள்ளதுதான். இவர்கள் மட்டும் அப்படி என்று நான் சொல்லவில்லை. பொத்தான் விற்பவனும் நூற்கண்டு விற்பவளும் மூடிவைத்த தட்டுகளைத் திறந்து மறுபடியும் கூவத் தொடங்கினர்.

அவ்விரைச்சலின் நடுவே, கதவு பாதி சாத்திய தையற்கடை ஒன்று வாய்மூடி நின்றது. கீழே கடையும் மேலே வீடுமாய் அமைந்த அந்தக் குறுகிய கட்டடத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, மேலங்கி தைப்பதில் பெயர்பெற்ற முதிய தையற்காரர், அண்மையில் ஒருநாள், மேற்றட்டிலிருந்த துணிச்சுருளை எடுக்க ஏறியபோது ஏணியின் படி முறிந்து விழுந்து, மருத்துவமனையில் கண் விழிக்காமலே மாண்டுபோனார். அவர் விட்டுச்சென்ற கடை விட்டுச்சென்றபடியே இருந்தது. வெட்டுமேசைமேல் கத்தரிக்கோல் வாய்பிளந்து கிடந்தது. தலையில்லாத மரப்பொம்மை ஒன்று, மூத்த மகனுக்கென்று அவர் தைக்கத் தொடங்கி, உள்துணி வைக்குமுன்பே விட்டுப்போன மேலங்கியை மாட்டிக்கொண்டு மூலையில் விறைத்து நின்றது. கூரையை முட்டிய அடுக்குகளில் துணிச்சுருள்கள் நிறவாரியாக அடங்கியிருந்தன. கொலை செய்த ஏணியோ, மேற்படியொன்றை இழந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் சுவரில் சாய்ந்திருந்தது.

இறந்தவருக்கு மக்கள் நால்வர். மூத்தவர் கட்டட மேற்பார்வையாளர். சாரத்தின்மேல் நிற்பாரைப் பார்த்து நாள்முழுதும் கீழிருந்து கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தாலும் தணிவதில்லை. அடுத்தவள் பள்ளியில் கணக்குக் கற்பிப்பவள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே வாய் திறப்பாள். மூன்றாமவர் அகரமுதலி தொகுக்கும் அலுவலகம் ஒன்றில் சொற்களுக்குப் பொருள் எழுதி வயிறு வளர்ப்பவர். அவரை வீட்டார் 'அகராதி' என்றே அழைத்தனர். தொழிலை எண்ணி அழைத்தது பாதி, ஊரார் திட்டும் பொருளில் அழைத்தது மீதி. கடைசிப் பெண், மற்றவர் மூவரும் மணமுடித்துப் பிரிந்துபோன பின்னும் தந்தையோடு தங்கி, அவர் வெட்டியதைத் தைத்தும், அவர் மறந்ததை நினைவூட்டியும், அவருடைய முணுமுணுப்புக்கெல்லாம் 'உம்' கொட்டியும் நாள்களைக் கழித்தவள். அவளுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அன்று மூத்தவர் எல்லாரையும் அழைத்தது துயர் ஆற்றிக்கொள்வதற்கு என்று எண்ணினால் நீர் ஏமாந்தீர். உட்கார்ந்த சூட்டிலேயே அவர் தங்கைமேல் பாய்ந்தார். "உடைஞ்ச ஏணியை எதுக்குக் கடையில வெச்சிருந்தே? வயசானவரைத் தனியா விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சே? உன்னாலதான் அப்பா போனாரு. கடையை நான் மூடப்போறேன். இந்த வீட்ல இனி உனக்கு இடமில்ல, சொல்லிட்டேன்!"

"காலையிலேயே படி விட்டிருந்ததைப் பாத்துட்டேன் பெரியண்ணா. அடையாளம் கட்டி வெச்சுட்டுத்தான் தைச்ச உடுப்பைக் கொடுக்கப் போனேன். வரும்போது தச்சரைக் கையோட கூட்டிட்டு வரலாம்னு..."

"என்ன அடையாளம்? ஏணியில ஒரு மண்ணும் இல்லையே!"

"கட்டினேன்ணா," என்றாள் அவள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "கட்டினேன்னுதான் நெனைக்கறேன்."

அவள் சொன்ன அடையாளம் இன்னதென்று நான் விளக்கியாக வேண்டும். மூத்தவர் அக்கடையை விட்டு நீங்கியபின் தோன்றிய வழக்கம் அது. பழுதான பொருள் எதுவாயினும், கத்தரிக்கோலோ நாற்காலியோ தேய்ப்புப்பெட்டியோ, வெட்டும்போது மிஞ்சிய துண்டுத்துணியில் கைக்கு அகப்பட்டதொன்றை எடுத்து அதன்மேல் முடிச்சிட்டுவிடுவார்கள். முடிச்சிட்ட பொருளை ஒருவரும் தொடுவதில்லை. அந்த முறையை வகுத்தவர் தந்தையே. அதை அவரே மீறியிருப்பார் என்று அவர் மகளால் எண்ணவும் கூடவில்லை. ஆகவே தான்தான் கட்ட மறந்திருக்க வேண்டும், கட்ட நினைத்ததையே கட்டியதாக மனம் பொய் சொல்லுகிறது போலும் என்று அவள் குழம்பினாள். உறங்கப் போகும்போது கட்டினேன் என்று உறுதியாய்த் தோன்றும். விழித்ததும் கட்டவில்லை என்று அதைவிட உறுதியாய்த் தோன்றும். அப்பாவைக் கொன்றது நான்தானோ என்ற அந்த ஐயம், அண்ணன் விரட்டுவதைக் காட்டிலும் அவளை வதைத்தது.

இவர்களுக்கு நடுவே அகராதியார், தம் வழக்கப்படி, வேறோர் உலகத்தில் குழம்பிக்கொண்டிருந்தார். யவனரின் பழஞ்சொல் ஒன்று அவருடைய மேசைமேல் ஏறி அமர்ந்து, இறங்குவேனா என்று அடம்பிடித்து வந்தது. அம்மொழியில் புலே என்றால் குலம், பசிலெயுசு என்றால் அரசன், இரண்டும் கூடிப் புலோபசிலெயுசு ஆயிற்று, பலராயின் புலோபசிலெயிசு. ஏதென்சு நகரத்து மக்கள் நான்கு குலங்களாய்ப் பிரிந்திருந்த பழங்காலத்தில், குலத்துக்கொருவராக, உயர்குடியிற் பிறந்த நால்வர் அப்பெயரைத் தாங்கினர். 'குலவரசர்' என்று எழுதிவிட்டு அவர் தலைநிமிர்வதற்குள் சிக்கல் தொடங்கிற்று. பின்னாளில் அந்நகரத்தார் பழைய குலங்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாய்ப் பத்துக் குலங்களை வகுத்தனர். புதிய குலங்களின் குதிரைப்படையை நடத்தியவனைப் புலார்க்கோசு என்றனர். அச்சொல்லும் ஓரிடத்தில் நில்லாமல், இன்னும் பிந்திய காலத்தில் உரோமப் பேரரசின் விளிம்பிலே பாலைநிலக் குடிகளுக்குத் தலைமை தாங்கியவரிடம் போய் ஒட்டிக்கொண்டது. பழைய குலவரசர் நால்வரோ, தங்கள் குலங்கள் ஆட்சியிழந்த பின்னும், பெயரையும் இருக்கையையும் விடாமல் இருந்தனர். குலத்துக்கு வேலையில்லாதபோது குலவரசனுக்கு என்ன வேலை?

அந்த வேலையைப் படித்தபோதுதான் அகராதியாருக்குத் தலை சுற்றியது. கொன்றவர் இன்னாரென்று தெரியாத கொலைக்கும், கல் விழுந்தோ மரம் சாய்ந்தோ இரும்பு தாக்கியோ நேர்ந்த சாவுக்கும் அறங்கூறுவது அவர்கள் கடமையாம். 'அரசர்' என்றே பெயர்கொண்ட ஆட்சியாளர் ஒருவரோடு அமர்ந்து, உயிரும் அறிவும் இல்லாத அப்பொருளின்மேல் வழக்கு நடத்தி, குற்றவாளி என்று தீர்த்து, அதை நாட்டெல்லைக்கு அப்பால் எறிவிப்பார்களாம். அறிவுக்குப் பேர்போன மக்கள் கல்லோடு ஏன் மல்லுக்கு நின்றார்கள்? விளங்காத ஒன்றுக்குப் பொருள் எழுதுவது எப்படி? தலைமைத் தொகுப்பாளர், "ரெண்டு வரில எழுதிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்யா! செத்துப்போன ஊர்க்காரங்க கட்டை மேல கேஸ் போட்டா நமக்கு என்ன வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தார். நம்மவரோ அந்த இரண்டு வரியை எழுதுவதும் அடிப்பதுமாய் இருந்தார்.

அத்தகைய மனிதர், தமையனின் கத்தலையும் தங்கையின் விம்மலையும் கேட்டவாறு, சுவரில் சாய்ந்த ஏணியை வெறித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "அண்ணா, ஏணி மேல வழக்குப் போடலாம்," என்றார்.

"உனக்கென்ன பித்தம் தலைக்கு ஏறிடுச்சாடா?" என்றார் மூத்தவர். அகராதியார் பித்தமும் இல்லை பிதற்றலும் இல்லை என்று தொடங்கி, நான்கு குலம், பத்துக் குலம், குதிரைப்படை, பாலைநிலம் என்று கேட்டவர் காதெல்லாம் புழுதியாகும்படி விளக்கினார். விளக்கத்தின் தொடக்கம் ஒருவருக்கும் புரியவில்லை. முடிவு புரிந்தும் நம்ப முடியவில்லை. ஆசிரியைதான் முதலில் தெளிந்தாள். "இருங்கண்ணா. அவன் சொல்றபடி செஞ்சுதான் பாப்போமே. நீங்க கத்தறதுக்கு இது எவ்வளவோ மேல்," என்றாள்.

"நாலு பேர் வேணும்," என்றார் அகராதியார், ஊக்கம் பெற்று. "நாம நாலு பேர் இருக்கோம்."

"மூணு பேர். அவதான் குத்தவாளி ஆச்சே."

"இல்லண்ணா. வழக்கு ஏணி மேல. ஏணி குத்தவாளின்னா, அவ தீர்ப்பு சொல்ற பக்கம் உக்காரணும்."

மூத்தவர் எதிர்ப்பார் என்றே எல்லாரும் எண்ணினர். அவர் உள்ளத்தில் வேறொரு கணக்கு ஓடியது. நடந்ததையெல்லாம் வரிசையாய்ப் பேசினால் தங்கையின் கவனக்குறைவு தானே வெளிப்படும். பிறகு ஏணியாவது கோணியாவது. "சரி, நடத்து. எல்லாம் வெளிய வரட்டும். கடைசில ஏணியா ஆளான்னு நான் சொல்றேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர்கள் ஏணியைச் சுமந்துவந்து அறையின் நடுவே கிடத்தினர். வெட்டுமேசைக்குப் பின்னால், அகவை வரிசையில், நால்வரும் இருந்தனர். கடைக்குட்டி முக்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, தான் அங்கே அமரலாமா கூடாதா என்று தெரியாமல், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். வெளியே யாரோ ஒருவன் பொத்தான் விலையைக் கூவினான். உள்ளே அறங்கூறவையம் தொடங்கிற்று.

தொடங்கிற்றே ஒழிய, ஏணியிடம் என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அகராதியார் கனைத்துக்கொண்டு, "ஏணியே, எங்கள் தந்தை உன்மேல் ஏறினாரா?" என்று செந்தமிழில் வினவ, ஆசிரியைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அச்சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவர் குறுக்கிட்டார். "அதுகிட்ட என்னடா கேக்கறே? அப்பா எதுக்கு ஏறினாரு, கையில என்ன வெச்சிருந்தாரு, அதைக் கேளு." அப்போதுதான் ஆசிரியைக்கு ஒன்று நினைவு வந்தது. மருத்துவமனையில் தந்தையின் உடைமைகளை ஒரு பையிலிட்டு அவளிடம் கொடுத்திருந்தனர். திறக்க மனமின்றி அதைத் தன் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அதை மேசைமேல் கவிழ்த்தாள். ஒருபக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடி விழுந்தது, அளவுநாடா விழுந்தது, கடைசியாக, முடிச்சவிழ்த்த சுருக்கம் இன்னும் நீங்காத ஒரு துண்டுத்துணி, செக்கச்செவேலென்று, விழுந்தது. "விழுந்தப்ப இதைக் கையில இறுக்கிப் பிடிச்சிட்டிருந்தாராம். நர்சு சொன்னாங்க," என்றாள்.

கடைக்குட்டி எழுந்தே விட்டாள். "இதான்! இதைத்தான் கட்டினேன்! நான் கட்டினேன் அக்கா, மறக்கல! நான் மறக்கல!" என்று அத்துணியை எடுத்து முகத்தோடு ஒற்றிக்கொண்டு கதறினாள். இரவும் பகலும் அவளைத் தின்ற ஐயம் அந்த அழுகையில் கரைந்து போயிற்று. ஆயினும் அவள் தையற்காரரின் மகளன்றோ? கண்ணீர் வழியும்போதே கை துணியை நீவிப் பார்த்தது. "அப்பா ஏன் இதை அவுத்தாரு? நிறம் ஒத்துப் பாக்கவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். துண்டுத்துணியைக் கண்டால் நிறமும் நெசவுமே தெரியும், வேறொன்றும் தெரியாது தையற்காரர் கண்ணுக்கு. தாமே வகுத்த முறையைக்கூட அது ஒருகணம் மறந்துவிடும். அவள் பார்வை மேற்றட்டுக்குப் போயிற்று. அங்கே சிவப்பு உள்துணிச் சுருளொன்று பாதி இழுபட்டு நின்றது. அங்கிருந்து மூலைக்குப் போயிற்று. உள்துணியில்லாத மேலங்கி நின்றது. பிறகு, மெல்ல, அம்மேலங்கிக்கு உரியவரின் முகத்துக்கு வந்தது.

மூத்தவர் முகத்தில் குருதி இல்லை. தந்தை விழுந்த நாளன்று காலை, வேலைக்கு விரைந்த வழியில், வாசலில் நின்றபடியே அவர் கடைக்குள் குரல் கொடுத்திருந்தார். மேலங்கிக்கு உள்துணி என்ன நிறம் என்று தந்தை கேட்க, நல்ல சிவப்பாய் இருக்கட்டும் என்றார். தந்தை இங்குமங்கும் துழாவி, எதையோ அவிழ்த்துக்கொண்டு வந்து, இந்தச் சிவப்பா என்று காட்டினார். இதேதான் அப்பா, இன்னிக்கே வெச்சுடுங்க என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார். உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருந்தால் ஏணியைக் கண்டிருப்பார். அந்தத் துண்டுத்துணி எங்கிருந்து வந்தது என்பதை இப்போதுதான் அறிந்தார். தாம் கடைசியாகத் தந்தையிடம் பேசிய சொல் எது என்பதும் இப்போதுதான் உறைத்தது.

அவர் வாயைத் திறந்தார். "நான்... அன்னிக்குக் காலையில..."

"பெரியண்ணா!" என்று இடைமறித்தாள் தங்கை. அந்தக் குரலை அவ்வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அன்பரே, அவள் நிலையை எண்ணிப் பாரும். தன்னைக் கொலைகாரி என்றவர், வீட்டை விட்டுத் துரத்தியவர், இப்போது அவள் கைக்குள் இருந்தார். ஒரு சொல் போதும். அவர் எறிந்த கல்லை அவர்மேலேயே எறிந்துவிடலாம். அவளுக்குச் சினம் வராமலில்லை, தொண்டைவரை வந்தது. ஆனால் இத்தனை நாள் தன்னைத் தின்ற அதே எண்ணம் அண்ணனின் முகத்திலும் ஏறிவிட்டதை அவள் கண்டுவிட்டாள். அது எப்படித் தின்னும் என்று அவளுக்குத்தானே தெரியும்?

"விசாரிச்சது போதும். ஏணிதான் குத்தவாளி," என்றாள். "நீங்கதான் மூத்தவர். தீர்ப்பை நீங்க சொல்லுங்க."

மூத்தவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. கத்திப் பழகிய அத்தொண்டையிலிருந்து காற்றுப்போல் ஒரு குரல் வந்தது. "இந்த ஏணிக்கு... இந்த ஊர்ல இடமில்ல." மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பெரிதாக அழுதார். ஆசிரியை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு விடை கிடைத்துவிட்டது, அதை ஒருவரிடமும் சொல்லப்போவதில்லை. அகராதியாருக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. யவனர் செய்தபடிதானே செய்தோம், அண்ணன் ஏன் இப்படி உடைந்துபோனார் என்று திகைத்து, "தண்ணி கொண்டு வரட்டுமாண்ணா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பொழுது சாயுமுன் நால்வரும் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினர். கண்டவர் வழிவிட்டனர், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்ட நூல் விற்பவளுக்கு, "ஊருக்கு வெளிய," என்று மட்டும் விடை கிடைத்தது. கடைகள் முடிந்து, பட்டறைகள் முடிந்து, விளக்குக் கம்பங்களும் முடிந்து, நகரெல்லைக் கல்லுக்கு அப்பால், புதர் மண்டிய ஆழ்ந்த பள்ளம் ஒன்றன் விளிம்பில் நின்று, ஏணியை இறக்கி, நுனியைப் பள்ளத்துக்குள் நீட்டிப் பிடித்தனர். ஒன்று இரண்டு என்று ஆசிரியை எண்ண, மூவர் கைவிட்டனர். ஏணி போகவில்லை. மூத்தவர் அதன் அடிக்காலை இரு கையாலும் பற்றிக்கொண்டு, விட வேண்டும் என்பதே மறந்தவராய் நின்றார்.

தங்கை அவர் அருகில் வந்தாள். "விடுங்கண்ணா."

"உனக்குத் தெரியும்," என்றார் அவர், மற்ற இருவருக்கும் கேளாத குரலில். "தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னே."

"தெரியும்ணா. விடுங்க. கை வலிக்கும்."

குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல் அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். ஏணி வழுக்கி, பாறையில் முட்டி, புதரைக் கிழித்துக்கொண்டு கீழே போய் ஓசையடங்கியது. அகராதியார் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

கல்லும் மரமும் பழி அறியா. எறிந்தால் விழும், விழுந்த இடத்தில் கிடக்கும். ஒருவன் ஒருவனாய்ச் சுமக்க மாட்டாத ஒன்றை நால்வர் கூடி ஒரு மரத்தின்மேல் ஏற்றி எல்லைவரை சுமந்துபோனார்கள். மரம் ஏற்றது அதன் பங்கை மட்டுமே. எஞ்சிய பங்கு அண்ணனோடு வீடு திரும்பி, அவர் வாழ்ந்த நாளெல்லாம் அவரோடேயே இருந்தது. கடை திறந்தது, தங்கை அதில் தைத்துக்கொண்டிருந்தாள், அவர் வாரந்தோறும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சிவப்புத் துணியைப் பற்றி அவள் ஒருநாளும் ஒரு சொல்லும் பேசவில்லை.